அளந்தவர் யார்? பூமி சூடாவது பற்றிய செய்திகளைச் சோதித்துப் படிக்கும் முறை

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் பெய்த மழையை நம் சங்கக் குடும்பங்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருக்களில் தண்ணீர் ஆறாக ஓடியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சேதமாகி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணை 19-ஆம் தேதி விடியற்காலை உடைந்து ஊர்களை அடித்துச் சென்றது. நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் இடையே ரயில் பாதையின் அடிமண்ணே அரித்துப் போயிற்று. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு என்று ராமச்சந்திராபுரம் மண்டலத்துக் கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏரி உடையவில்லை. ஆனால் "உடைந்துவிட்டதாமே!" என்று எனக்கே இரண்டு பேர் போன் செய்தார்கள்.

அன்றிலிருந்து நம் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "இதெல்லாம் பூமி சூடாவதாலா? யார் சொல்வதை நம்புவது?" ஒருவர் டெலிவிஷனில் கேட்டதைச் சொல்கிறார், இன்னொருவர் கைப்பேசியில் வந்ததைக் காட்டுகிறார். கல்லூரிக்குப் போகும் பேத்தி, "தாத்தா, ப்ராஜெக்ட் எழுத வேண்டும், சரியான தகவல் எங்கே கிடைக்கும்?" என்கிறாள்.

நான் வானிலை விஞ்ஞானி அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். மழைக் கணக்கு தப்பினால் பாலம் போகும், பாலம் போனால் ரயில் போகும் என்ற துறை அது. ஆகவே ஓர் எண்ணைக் கண்டால் நாலு கேள்வி கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அளந்தவர் யார்? எங்கே அளந்தார்? எத்தனை வருடக் கணக்கு? எதோடு ஒப்பிட்டார்? இந்த நாலையும் வைத்துக்கொண்டே தட்பவெப்ப மாற்றச் செய்திகளில் பெரும்பகுதியைச் சலித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

வாயுகுண்டமா, துஃபானா?

முதலில் நம் வீட்டுச் சிக்கல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் இருப்பது ஆந்திராவில், வீட்டில் ஓடுவது தமிழ்ச் சேனல். அதில் வரும் வானிலை அறிக்கை பெரும்பாலும் சென்னை மையத்தினுடையது. அது தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்காலுக்குப் பேசும். இந்திய வானிலைத் துறை நாட்டை 36 உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. திருப்பதியும் சித்தூரும் அதில் "ராயலசீமா". நமக்கு அறிக்கை விடுவது அமராவதி வானிலை மையம். சென்னை அறிக்கையில் திருவள்ளூர், ராணிப்பேட்டை வரை வந்து நின்றுவிட்டால் மழையும் அங்கேயே நின்றுவிடும் என்று பொருள் இல்லை அல்லவா?

அடுத்தது மொழி. தெலுங்குச் செய்தியில் "அல்பபீடனம்" என்றால் நாம் சொல்லும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. "வாயுகுண்டம்" என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதாவது காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகம். "தீவ்ர வாயுகுண்டம்" என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை. 62-ஐத் தொட்டால்தான் "துஃபான்", புயல். அதற்குத்தான் பெயர் வைப்பார்கள்.

இப்போது 2021-க்கு வாருங்கள். நவம்பர் 19 விடியற்காலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது வெறும் வாயுகுண்டம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. "புயல் இல்லையாம், சாதாரண தாழ்வு மண்டலம்தானாம்" என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் நம்மில் பலர். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் காற்றின் வேகத்துக்கு வைத்தவை. மழைக்கு அவை ஜவாப்தாரி இல்லை. மழைக்குத் தனி அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளில் மஞ்சள் என்றால் கவனித்து வா, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. "புயலா?" என்று கேட்பதை விட்டு "ராயலசீமாவுக்கு என்ன நிறம்?" என்று கேட்கப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும். வானிலைத் துறையின் வலைத்தளத்திலும், 2020-ல் வெளியிட்ட "மௌசம்" என்ற கைப்பேசிச் செயலியிலும் இது காசில்லாமல் கிடைக்கிறது.

பாலம் கட்டுபவனின் மழைக் கணக்கு

நீண்ட கால மழைக் கணக்குக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்பதை ரயில்வே கதையிலிருந்தே சொல்கிறேன். 1956-ல் மூன்று மாதத்துக்குள் இரண்டு பெரிய விபத்துகள். செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. அதிலும் நூற்றுக்கும் மேல் பலி. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தது இதற்குத்தான். எங்கள் தலைமுறை ரயில்வேக்காரர்களுக்கு இது பாடம் மாதிரி.

1957-ல் டாக்டர் ஏ.என்.கோஸ்லா தலைமையில் ஒரு பொறியாளர் குழு, பாலங்களுக்கு எவ்வளவு வெள்ளம் என்று கணக்கிடுவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. ஐம்பது வருடத்துக்குக் குறையாத பதிவை வைத்துக் கணக்கிடு. பதிவு இல்லாத இடத்தில் மழையையும் நிலத்தின் தன்மையையும் வைத்துக் கணக்கிடு என்பது அதன் பரிந்துரை. பிறகு வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், ரயில்வேயின் லக்னோ ஆராய்ச்சி நிறுவனம், சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆகிய நாலும் சேர்ந்து நாட்டை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளக் கணிப்பு அறிக்கை தயாரித்தன. ஒரு சின்ன ஓடைப் பாலத்தின் அகலத்துக்குப் பின்னால்கூட யாரோ ஒரு அப்சர்வர் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதிவைத்த எண் இருக்கிறது. பாலத்தின் தூணில் அபாய மட்டம் என்று கோடு போட்டிருப்பதை ரேணிகுண்டா, கூடூர் பக்கம் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். அதுவும் கணக்குதான்.

"ஐம்பது வருட வெள்ளம்" என்ற சொல்லைப் பத்திரிகைகள் பாடாய்ப் படுத்துகின்றன. ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவை வரும், இந்த வருடம் வந்தால் இனி ஐம்பது வருடம் கவலையில்லை என்று எண்ணுகிறார்கள். எந்த ஒரு வருடத்திலும் அது வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்பதே அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐம்பது வருடத்தில் ஒரு முறையாவது வர வாய்ப்பு நூற்றுக்கு 64. அடுத்தடுத்த வருடங்களிலும் வரலாம்.

தட்பவெப்ப மாற்றம் எங்களைப் போன்றவர்களுக்குக் கவலை தருவது இந்த இடத்தில்தான். நேற்றைய மழை எப்படிப் பெய்ததோ நாளையும் அப்படியே பெய்யும் என்ற நம்பிக்கையில் கட்டியவை பழைய பாலங்களும் ஏரிக் கலங்கல்களும். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டால், நூற்றுக்கு இரண்டு என்பது மூன்றாகவோ நாலாகவோ ஆகிவிடும். பாலம் அப்படியே நிற்கும். அதன் பாதுகாப்பு மட்டும் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

250 சென்டிமீட்டர் மழை

நம்பத்தகாத செய்தியைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. ஓரிரண்டு எண்களை மனதில் வைத்திருந்தால் போதும். 2015-ல் சென்னை வெள்ளத்தின் போது ஒரு வாட்ஸ்அப் செய்தி உலகம் சுற்றியது நினைவிருக்கலாம். சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை கொட்டப்போகிறது, அமெரிக்காவின் நாசா எச்சரித்துவிட்டது என்று. நம் ஊரிலிருந்தும் பலர் சென்னையில் உள்ள பிள்ளைகளைப் புறப்பட்டு வரச் சொன்னார்கள்.

சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுதான். 2015 டிசம்பர் முதல் தேதி நகரத்தை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். இரண்டு நாளில் 250 சென்டிமீட்டர் உலகத்தில் எங்காவது பெய்ததுண்டா என்றால் உண்டு. 1995 ஜூன் 15, 16 தேதிகளில் சிரபுஞ்சியில் 249.3 சென்டிமீட்டர். 48 மணி நேரத்துக்கான உலக சாதனையே அதுதான்! ஆக, சிரபுஞ்சியின் உலக சாதனையை மயிலாப்பூரில் முறியடிக்கப் போவதாகச் செய்தி. அளந்தவர் பெயரும் இல்லை, அறிக்கையின் தேதியும் இல்லை. நாசா என்ற பெரிய பெயர் மட்டும் இருந்தது. இந்தியாவில் மழை, புயல் எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பு வானிலைத் துறைக்கு உரியது என்பது தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே நிறுத்தியிருக்கலாம்.

பெரிய சபையும் தவறலாம்

வாட்ஸ்அப்பை விடுங்கள், பெரியவர்கள் எழுதினால் நம்பலாமா என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு, அதுவும் நம் இமயமலையைப் பற்றியது.

தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி உலக நாடுகளுக்கெல்லாம் அறிக்கை தருவது ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் குழு. 1988-ல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து அமைத்தது. அதன் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. கங்கையும் சிந்துவும் என்ன ஆவது? நாடே பதறியது. 2009-ல் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட, புவியியல் துறையில் பணியாற்றிய வி.கே.ரெய்னாவின் ஆய்வுக் கட்டுரை இதற்கு மாறாகப் பேசியது. சர்ச்சை கிளம்பிய பிறகு ஊற்றைத் தேடிப் போனார்கள். ஐ.பி.சி.சி. எடுத்தது ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005 அறிக்கையிலிருந்து. அந்த அமைப்பு எடுத்தது 1999-ல் ஒரு பத்திரிகையில் வந்த பேட்டியிலிருந்து. அளந்தவர் யாரும் இல்லை! 1996-ல் வந்த ஒரு ரஷ்ய அறிக்கையில் 2350 என்று இருந்தது. எண் புரண்டு 2035 ஆகியிருக்கலாம் என்று பலர் கருதினார்கள். 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இதைக் காட்டி "எல்லாமே புளுகு" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனியாறுகள் உருகிச் சுருங்குவது அளந்த உண்மை, தவறியது தேதி. தவற்றைப் பிடித்தவர்களும் விஞ்ஞானிகளே, திருத்தி எழுதியதும் அதே குழு. தன் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்கிற இடம், ஒப்புக்கொள்ளவே தெரியாத இடத்தைவிட நம்பத் தகுந்தது. தகவல் தேடும் மாணவர்கள் ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அதில் திருத்தப் பட்டியல் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நல்ல அடையாளம்.

மூன்று எண்கள், மூன்று அளவுகோல்கள்

இனி, படிப்பவர்களை அதிகம் குழப்பும் விஷயம். பூமி எவ்வளவு சூடாகிவிட்டது? 2024-ல் 1.55 டிகிரி என்கிறது உலக வானிலை அமைப்பு. இந்தியாவில் 0.7 டிகிரி என்கிறது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை. 2024 இந்தியாவில் 0.65 டிகிரி அதிகம் என்கிறது வானிலைத் துறை. "பார்த்தீர்களா, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை" என்று ஒரு நண்பர் வெற்றிச் சிரிப்போடு என்னிடம் காட்டினார்.

மூன்றும் சரியே. முதலாவது, உலகம் முழுவதற்கும், 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. இரண்டாவது, இந்தியாவுக்கு மட்டும், 1901 முதல் 2018 வரை மெல்ல ஏறிய மொத்த ஏற்றம். மூன்றாவது, 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. அந்தச் சராசரியே ஏற்கெனவே சூடானது. அப்படிப்பட்ட உயர்ந்த திண்ணையில் நின்று அளந்தும் 2024 ஆண்டு 0.65 டிகிரி மேலே இருந்தது, 1901 முதல் உள்ள பதிவில் முதலிடம் பெற்றது. நான்காவது கேள்வி, "எதோடு ஒப்பிட்டார்?" என்பது, இதற்காகத்தான்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி எல்லையை 2024-ல் தாண்டிவிட்டோம், ஒப்பந்தம் செத்துவிட்டது என்றும் எழுதினார்கள். அந்த எல்லை பல வருடங்களின் சராசரிக்கு வைத்தது. ஒரு வருடம் தாண்டியது அபாய மணி. எல்லையை நிரந்தரமாகத் தாண்டியதாகாது.

மழையிலும் இதே கதைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக்கு நாடு முழுவதற்குமான சராசரி முன்பு 88 சென்டிமீட்டர். 2022 முதல் 1971–2020 கணக்கை வைத்து 87 என்று மாற்றினார்கள். அதே மழைக்குச் சதவீதம் சற்று மாறும். இன்னொன்று, நம் மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி மாவட்டம் உண்டானது. நெல்லூர் மாவட்டத்திலிருந்து சூளூர்ப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகள் நம்மோடு சேர்ந்தன. பழைய சித்தூர் மாவட்ட மழையையும் புதிய மாவட்ட மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மழை மாறிவிட்டது" என்று ப்ராஜெக்ட் எழுதினால் மாறியது மழையா, எல்லைக் கோடா? மாவட்டத்தை விட்டுவிட்டு, புனே வானிலை அலுவலகம் இலவசமாகத் தரும் கட்டம் கட்டமான மழைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். 1901 முதல் ஒவ்வொரு நாளும், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சதுரங்களாக இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்கு அரை நாள் வேலை.

மேலே சொன்ன 2020 அறிக்கையை, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் தொகுத்தது, கல்லூரி மாணவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது புரட்ட வேண்டும். இணையத்தில் இலவசம். 1951 முதல் 2015 வரை இந்துமாக்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி சூடானது. அதே காலத்தில் நம் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது. 1993 முதல் 2017 வரை வட இந்துமாக்கடலின் மட்டம் வருடத்துக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் எந்தக் காலக் கணக்கு என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

2021 மழைக்கு யார் பொறுப்பு?

2021 நவம்பரில் தென்னிந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் உள்ள பதிவில் எந்த நவம்பரையும்விட அதிகம் என்று வானிலைத் துறை பதிவு செய்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதும் பௌதிக விதி. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "ஆகவே பூமி சூடானதால்தான் திருப்பதி மூழ்கியது" என்று எழுதிவிடலாமா? எழுதக் கூடாது. ஒரு குறிப்பிட்ட மழையில் எவ்வளவு பங்கு வெப்பத்துடையது என்று தனியாகக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது.

2015 சென்னை மழையை அப்படி ஒரு பன்னாட்டுக் குழு ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. பூமி சூடானதன் பங்கை அந்த மழையில் அடையாளம் காண முடியவில்லை என்றது முடிவு. காற்றில் கலந்த தூசும் புகையும் வெப்பத்தின் விளைவை மறைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி உலகை எச்சரிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள், தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதே வகை ஆய்வு 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாடு நிலச்சரிவுக்குக் காரணமான மழையைப் பற்றி வேறு மாதிரி சொன்னது. அந்த ஒரு நாள் மழை, பூமி சூடானதால் சுமார் 10 சதவீதம் வலுத்தது என்றது. கணக்கில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னது. இரண்டு முடிவையும் சொல்கிற ஆசிரியரை நம்புங்கள். தனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சற்று தள்ளி நில்லுங்கள்.

நம் கொல்லைப்புறத்தில் ஒரு ஆய்வுக்கூடம்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலாவுக்கு அருகே காதங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. பஸ்ஸில் நூறு முறை கடந்திருப்போம். அங்கேதான் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயங்குகிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் நிலப்பரப்பில் 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, தலைக்கு நேர் மேலே காற்று எந்த உயரத்தில் எப்படி ஓடுகிறது, எப்படிக் கலங்குகிறது என்று அளக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் ரேடார் இது. மாலை நேரத்தில் கருவி கட்டிய பலூனும் விடுகிறார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உள்ளவர்கள் காதங்கி அளவுகளை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள்; நமக்கு அது சாலையோரத்து வேலியாக மட்டும் தெரிகிறது.

ஆனால் நாளைக்கு மழை வருமா என்று காதங்கியிடம் கேட்கக் கூடாது. அது ஆராய்ச்சி செய்யும் இடம். மழை மேகத்தைத் துரத்திப் பார்க்கும் ரேடார்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலும் சென்னையிலும் இருக்கின்றன. டாக்டரிலும் கண் டாக்டர், எலும்பு டாக்டர் என்று பிரிவு இருக்கிற மாதிரிதான். நாளைய மழைக்கு வானிலைத் துறை. ஏரி, அணை மட்டத்துக்கு மாநில நீர்வளத் துறை. முப்பது வருடப் போக்குக்குப் புனே நிறுவனமும் ஐ.பி.சி.சி.யும், காற்று மண்டலத்தின் நுட்பத்துக்குக் காதங்கி. நம் ஊரில் 2015-ல் தொடங்கிய ஐசர் கல்லூரியிலும் இந்தத் துறை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அரசாங்கக் கொள்கையைப் படிப்பது

கொள்கைப் பக்கம் வந்தால் எண்களைவிடச் சொற்களே அதிகம் ஏமாற்றும். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

2022 ஆகஸ்டில் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த உறுதிமொழியில், 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பு என்று இருக்கிறது. எதைக் குறைப்பது? கரியமில வாயுவின் மொத்தத்தை அல்ல. நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு வாயு வெளியேறுகிறதோ அந்த விகிதத்தை. சமையலுக்கு ஒரு தலைக்கு ஆகும் எண்ணெயைக் குறைத்தேன், ஆனால் வீட்டுக்கு விருந்தாளிகள் பெருகிவிட்டார்கள் என்றால் மொத்த எண்ணெய் கூடத்தான் செய்யும். வளரும் நாட்டுக்கு இது நியாயமான கணக்கு என்பது என் கருத்து. ஆனால் கணக்கு இன்னது என்று தெரிந்து பேச வேண்டும்.

இரண்டாவது, நிறுவிய திறன். 2025 ஜூன் முடிவில் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று அரசு அறிவித்தது. உண்மைதான், பெருமைக்குரியதும்கூட. ஆனால் திறன் வேறு, யூனிட் வேறு. சூரியத் தகடு இரவில் தூங்கும். 2025-லும் நாம் எரித்த யூனிட்டில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 4000 குதிரைத்திறன் இன்ஜின் ஷெட்டில் நின்றால் அது எத்தனை டன் இழுத்தது? எங்கள் ரயில்வேயின் 2030 நிகர சுழிய இலக்கையும் இப்படியே பார்க்க வேண்டும். மின்சார இன்ஜினில் புகை இல்லை. கம்பியின் மறுமுனையில் என்ன எரிகிறது என்பது கேள்வி.

இவற்றுக்கெல்லாம் செய்தித்தாளைவிட மூலப் பத்திரம் நல்லது. ஐ.நா.வுக்குக் கொடுத்த உறுதிமொழி சில பக்கங்கள்தான். மத்திய மின்சார ஆணையம் மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறது. எனக்கு மிகப் பிடித்தது, பாராளுமன்றக் கேள்வி-பதில். ஒரு எம்.பி. கேட்டு மந்திரி எழுத்தில் கொடுத்த பதில். தவறாகச் சொன்னால் சபையில் திருத்தியாக வேண்டும். கட்டுரைப் போட்டிக்கு எழுதும் பிள்ளைகளுக்கு இது தங்கச் சுரங்கம்.

உங்கள் வீட்டுக்கு மேலே எந்த ஏரி?

கடைசியாக, எந்தப் பன்னாட்டு அறிக்கையிலும் கிடைக்காத தகவல் ஒன்று. 2005 அக்டோபர் 29-ஆம் தேதி, இன்றைய தெலங்கானாவின் வலிகொண்டா அருகே ஒரு சிறு பாலம் வெள்ளத்தில் போய் டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மேலே இருந்த ஏரித் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ரயில்வேயில் இதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு, பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகளின் பதிவேடு. மழைக்காலத்துக்கு முன் மாநில அதிகாரிகளோடு சேர்ந்து போய்க் கரையையும் கலங்கலையும் பார்த்து எழுத வேண்டும். வெயிலில் ஏரிக்கரை ஏரிக்கரையாக நடந்த அலுப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

வீட்டுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். நம்மில் பலர் பிழைப்புக்காக வந்து, மனை மலிவாகக் கிடைத்த இடத்தில் வீடு கட்டியவர்கள். அது முன்பு என்ன நிலம் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. உங்கள் தெருவுக்கு மேற்புறம் எந்த ஏரி, அதன் கலங்கல் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக ஸ்வர்ணமுகிக்குப் போக வேண்டும், அந்தக் கால்வாய் இப்போது இருக்கிறதா, கரையைக் கடைசியாகப் பலப்படுத்தியது எந்த வருடம் என்பதை தாசில்தார் அலுவலகத்திலும் நீர்ப்பாசனப் பிரிவிலும் கேளுங்கள். வாய்ப் பேச்சாகக் கேட்டால் "அந்தா பாகுந்தி" என்று அனுப்பிவிடுவார்கள். 2005-ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால் முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். தெலுங்கில் மனு எழுத வராத பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வரலாம். இங்கே தெலுங்கு மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்; ஏரியின் பெயரும் சர்வே நம்பரும் தெரிந்தால் கொண்டு வாருங்கள்.